சலூன் ஷேவிங்குக்குப் பிறகு கழுத்தில் கொப்புளமா? வராமல் தடுக்கும் முறை

ஷேவ் செய்த மறுநாள் காலர் உரசும் இடத்தில் சிவப்பாகப் பொரி கிளம்பினால் பலரும் க்ரீமைத்தான் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் காரணம் வேறு. தோலோடு ஒட்ட மழித்த முடி, கொஞ்சம் சுருட்டை என்றால், வளரும்போது வளைந்து தோலுக்குள்ளேயே குத்திக்கொள்கிறது. உள்ளே போன முள்ளைச் சுற்றி வீங்குவது போலத்தான் அந்த இடமும் வீங்குகிறது. அதனால் மழமழப்பைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தால், உங்கள் தெருமுனை சலூனிலேயே இதைச் சரிசெய்துகொள்ளலாம்.

படி 1: முடி போகும் திசையைப் பாருங்கள்

2 நாள் தாடி இருக்கும்போது விரல் நுனியால் தடவிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போகும் பக்கம்தான் முடி வளரும் பக்கம். சொரசொரவென்று தடுத்தால் அது எதிர்ப்பக்கம். கன்னத்தில் அநேகமாக மேலிருந்து கீழே போகும். கழுத்தில் அந்தக் கணக்கு செல்லாது. குரல்வளைக்குக் கீழே பலருக்கு முடி கீழிருந்து மேலே போகும், தாடை மூலையில் பக்கவாட்டில் சுழிக்கும். கன்னத்தில் இழுத்த வாக்கிலேயே கழுத்திலும் கத்தியை இழுத்தால் அங்கே எதிர் ஷேவ் ஆகிவிடும். கொப்புளம் கழுத்தில் அதிகம் வருவது இதனால்தான். தாடையைத் தூக்கி செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் விளக்குவதைவிடக் காட்டுவது சுலபம்.

படி 2: நேரம் பார்த்துப் போங்கள்

செவ்வாய்க்கிழமை நிறைய கடைகள் லீவு. ஞாயிறு காலையில் பெஞ்சு நிறைய ஆள் காத்திருக்கும்போது உங்கள் தாடி ஊறும்வரை யாரும் பொறுக்க மாட்டார்கள். திங்கள், புதன் சாயங்காலம் போனால் நிதானமாகச் செய்வார்கள்.

கையோடு மூன்று பொருள்: துவைத்துக் காய்ந்த சின்னத் துண்டு, உங்களுக்கென்று ஒரு படிகாரக் கல், அரை லிட்டர் பாட்டிலில் மெட்ரோ வாட்டர் (சென்னை குடிநீர் வாரியத் தண்ணீர்) அல்லது கேன் தண்ணீர். தண்ணீர் எதற்கு என்றால், வடசென்னையில் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் மாதிரி கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-லிருந்து ஓடுகிறது, இருந்தும் பல கடைகளில் மக்கில் இருப்பது போர் தண்ணீர்தான். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைக் கசடாகிவிடும். நுரை சீக்கிரம் அடங்கிக் காயும், பிளேடு வழுக்காமல் இழுக்கும்.

படி 3: நாற்காலியில் உட்கார்ந்ததும்

முதலில் பிளேடு. சலூன் கத்தியில் பிளேடைப் பாதியாக உடைத்துத்தான் மாட்டுவார்கள். உறையை உங்கள் கண் முன்னால் பிரித்து மாட்டச் சொல்லுங்கள். மற்ற பாதியை ஏற்கெனவே இன்னொருவருக்குப் போட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள். மழுங்கிய பிளேடால் எரிச்சல் வருவது ஒருபக்கம். ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத்தில் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும் என்பது அதைவிடப் பெரிய விஷயம். கத்தியின் பிடியையும் ஸ்பிரிட்டால் துடைக்கச் சொல்லுங்கள்.

அடுத்து ஊறல். முகத்தை நனைத்து, நுரை போட்டபின் 2 முதல் 3 நிமிடம் விடவேண்டும். ஊறிய முடி பிளேடுக்கு இளக்கமாகக் கொடுக்கும். ஊறாத முடியை அழுத்தித்தான் வெட்டவேண்டும், அங்கேதான் தோல் சிராய்க்கிறது.

பிறகு சொல்லவேண்டிய ஒரே வாக்கியம்: "அண்ணா, கழுத்துல எதிர்ப்பக்கம் போடாதீங்க, ஒரு தடவ போதும்." படத்தையும் காட்டுங்கள். தோலை ரொம்ப இழுத்துப் பிடிக்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லலாம். இழுத்துப் பிடித்து வெட்டிய முடி, கையை விட்டதும் தோலுக்கு அடியில் போய்விடும். தடவினால் லேசாகச் சொரசொரப்பு தெரியும். தெரியட்டும், அதுதான் நமக்கு வேண்டியது.

படி 4: முடிந்ததும்

வெறும் தண்ணீரில் கழுவி, உங்கள் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். கடையில் எல்லோருக்கும் தேய்க்கும் படிகாரம் வேண்டாம். ஒருவர் ரத்தம் பட்ட கல் அடுத்தவர் வெட்டில் படுகிறது. உங்கள் கல்லை நனைத்து ஒரே தரம் தடவி, ஒரு நிமிடம் கழித்துக் கழுவிவிடுங்கள். சுரீரென்று எரியும் ஆஃப்டர் ஷேவ் தோலை வறட்டும். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் பட்டாணி அளவு போதும். ஹெல்மெட் வாரை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போடுங்கள். நாள் முழுக்க வேர்வையும் தூசியும் ஊறியது அந்த வார்தான்.

படி 5: மீறி வந்துவிட்டால்

கொப்புளம் அடங்கும்வரை பிளேடு தொடக்கூடாது. தாடி அவசியம் குறைக்கவேண்டும் என்றால் டிரிம்மரில் 1 மில்லிமீட்டர் விட்டு வெட்டலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை 5 நிமிடம் வைத்து எடுங்கள், காலையிலும் இரவிலும். கிள்ளவோ முடியைப் பிடுங்கவோ வேண்டாம். பிடுங்கிய முடி மறுபடி வளரும்போது உள்ளேயே வளையும், கறுப்புத் தழும்பும் நிற்கும்.

இனி முக்கியமானது. மெடிக்கலில் கேட்டு வாங்கும் ட்யூபின் பின்புறத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் இவற்றைக் கட்டுப்படுத்தியும், 'முகம் வெளுக்கும்' என்று கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. போட்ட சில நாளில் அரிப்பு அடங்கும், அதனால்தான் நம்புகிறார்கள். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து சிவப்பு நரம்பு தெரியும். வெயிலில் எரியும், நிறுத்தினால் முன்பைவிட மோசமாகக் கிளம்பும். படர்தாமரை மேல் போட்டால் அது உருமாறிப் பரவும், பிறகு டாக்டருக்கே அடையாளம் தெரிவது கஷ்டம்.

வட்டமாக, ஓரத்தில் செதிலோடு அரித்தால் அது ஷேவிங் கொப்புளம் இல்லை, படர்தாமரையாக இருக்கலாம். அது ஆறும்வரை சலூன் துண்டு, சீப்பு, டிரிம்மர் மூன்றையும் தவிர்த்துவிடுங்கள், உங்களால் அடுத்தவருக்கும் ஒட்டும். சீழ் பிடித்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, 2 வாரமாகியும் அடங்காவிட்டாலோ ஸ்டான்லி மருத்துவமனையில் தோல் பிரிவு ஓ.பி.க்குக் காலையிலேயே போய்விடுங்கள். இதுவரை போட்ட ட்யூப் எல்லாவற்றையும், காலியானதையும் சேர்த்து, கையோடு எடுத்துப் போங்கள்.