குழந்தைக்கு இளைப்பா? இருமலை விட்டுவிட்டு வயிற்றைப் பாருங்கள்

எங்கள் தெருமுனை குழந்தை டாக்டர் கிளினிக்கில் மாலை டோக்கன் வாங்கி உட்கார்ந்தால், பக்கத்து நாற்காலியிலிருந்து வரும் முதல் கேள்வி "உங்க பையனுக்கும் சளியா?" என்பதுதான். என் மகனுக்கு மூன்று வருடமாக இளைப்பு (வீசிங்) வந்து போகிறது. கீழே இருப்பவற்றில் பாதி நானே செய்த தவறுகள்.

இருமல் சத்தத்தை வைத்தே நோயை அளப்பது முதல் தவறு. லொக்கு லொக்கென்று இருமிக்கொண்டே ஓடியாடும் பிள்ளையைவிட, சத்தமில்லாமல் வேகமாக மூச்சு வாங்கும் பிள்ளையைத்தான் கவனிக்க வேண்டும். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, அதற்குமேல் ஒரு வயதுவரை 50, ஒரு வயதிலிருந்து 5 வயதுவரை 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலே அன்றே டாக்டரிடம் போக வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, உதடு நீலமானாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ டோக்கனெல்லாம் வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்தது இன்ஹேலர் பயம். "பழகிடும், அப்புறம் விடவே முடியாது" என்று சொல்வார்களே என்று, விருந்தாளி வந்தால் ஸ்பேசரை (இன்ஹேலரையும் முகத்து மாஸ்க்கையும் இணைக்கும் பிளாஸ்டிக் குழாய்) பீரோவில் ஒளித்து வைத்தவள் நான். சிரப்பே போதும் என்று நினைத்தேன். கணக்கைப் பாருங்கள்: மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் சிரப் 5 மில்லியில் 2 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. இன்ஹேலரில் ஒரு முறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம், அதாவது இருபதில் ஒரு பங்கு. அதுவும் நேராக நுரையீரலுக்குப் போகிறது. சிரப் குடித்த அன்று பிள்ளையின் கை நடுங்கியதும் அதிலிருந்த கூடுதல் மருந்தால்தான்.

பயம் போன பிறகும் முறையில் கோட்டை விடுவோம். இன்ஹேலரைக் குலுக்க மறப்பது, மாஸ்க் முகத்தில் படியாமல் இடைவெளி விடுவது, இரண்டு முறை சேர்த்து அழுத்துவது. ஒரு முறை அழுத்தி, ஐந்தாறு மூச்சு விட்டு, அரை நிமிடம் கழித்துத்தான் அடுத்தது. ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் தானாக உலர விடுங்கள். துணியால் துடைத்தால் மருந்து உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

போன மாத இருமல் மருந்து மிச்சம் இருந்தால் கொட்டிவிடுங்கள். 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் கலந்திருந்தது. மத்தியப் பிரதேசத்தில் அதைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். 2 வயதுக்குள் இருமல், சளி மருந்து எழுதவே கூடாது என்று அப்போது மத்திய அரசும் டாக்டர்களுக்கு அறிவுறுத்தியது.

பாட்டி வைத்தியத்தில் ஒன்றை மட்டும் சண்டை போட்டாவது நிறுத்துங்கள்: குளிப்பாட்டும்போது மூக்கிலும் தொண்டையிலும் எண்ணெய் விடுவது. அது நுரையீரலில் இறங்கினால் நிமோனியா. குளித்த தலைக்குக் காட்டும் சாம்பிராணிப் புகை, கொசுவர்த்தி, நெஞ்சில் தேய்க்கும் கற்பூர எண்ணெய் மூன்றும் இளைப்புப் பிள்ளைக்கு ஆகாது.

இன்னொன்று. இரவு இரண்டு மணிக்கு இழுத்த மூச்சு, டாக்டர் முன்னால் உட்காரும்போது சாதாரணமாக இருக்கும். இழுக்கும்போதே போனில் அரை நிமிடம் வீடியோ எடுத்து வையுங்கள். நான் வாயால் சொன்னதைவிட அதைப் பார்த்துத்தான் எங்கள் டாக்டர் மருந்தை மாற்றினார்.