வில்லைத் தட்டச் சொல்லுங்கள்: உள்ளூர் வானொலியில் புதுவழி இசைக்காரரைப் பேட்டி எடுப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு சமூக வானொலியில் ஞாயிறு மாலை அரை மணி நேரத் தமிழ் நிகழ்ச்சி என் பொறுப்பு. வழக்கம்போல சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு. மாதத்தில் ஒருநாள் மட்டும், நடந்த பாதையில் நடக்காத ஓர் இசைக்காரரைக் கூட்டி வந்து பேச வைப்பேன்.

முதல் பேட்டி சொதப்பல். உமக்வெயானா என்னும் வில் வாத்தியம் வாசிக்கும் ஜூலுப் பெண்மணி வந்திருந்தார். "இந்த இசைக்கு எப்படி வந்தீங்க?" என்று ஆரம்பித்தேன். பள்ளிக்கூடம், பாட்டி ஊர், பட்டப்படிப்பு என்று 11 நிமிடம் ஓடிவிட்டது. வில் அவர் மடியிலேயே கிடந்தது. முடிந்ததும் ஊருக்குள்ளேயே சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஓர் ஆயா (பாட்டி) போன் போட்டார்: "எல்லாம் நல்லாத்தான் பேசுன கண்ணு. அந்தப் பொண்ணு கையில என்ன வச்சிருக்குன்னு கேக்கவே இல்லியே?"

அன்றிலிருந்து நான் செய்வதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. ஆளைத் தேடுங்கள்

டர்பனில் இது சுலபம். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் ஜாஸ் மையம் இருக்கிறது. 1983-இல் டேரியஸ் புரூபெக் என்னும் அமெரிக்க ஜாஸ் பியானோக்காரர் அங்கே ஜாஸ் பாடம் தொடங்கினார். அங்கே நடக்கும் கச்சேரிகளுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். கோயில் திருவிழாவையும் விட்டுவிடாதீர்கள். வட ஆர்க்காட்டுப் பக்கமிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள் தெருக்கூத்தையும் மூட்டையோடு கட்டிக்கொண்டு வந்தார்கள். இங்கே அதற்குச் 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று பெயர். அந்தக் கூத்துக்கு மிருதங்கம் வாசித்தவரின் பேரன் இன்று லேப்டாப்பில் என்ன செய்கிறான் என்று விசாரித்துப் பாருங்கள்.

2. வாத்தியத்தை நீங்கள் முதலில் பாருங்கள்

பேட்டிக்கு முந்தின வாரமே நேரில் போய், கையில் வாங்கிப் பாருங்கள். நான் உமக்வெயானாவையும் உகுபு என்னும் இன்னொரு ஜூலு வில்லையும் ஒன்றென்று நினைத்திருந்தேன். ஜூலு இளவரசி மகோகோ (1900–1984) வாசித்துப் புகழ்பெற்றது உகுபு: ஒரே நீளக் கம்பி, சுரைக்குடுக்கை வில்லின் அடிப்பக்கம். உமக்வெயானாவில் கம்பியை நடுவாக்கில் ஒரு கண்ணி இழுத்துக் கட்டியிருக்கும், குடுக்கையும் அங்கேதான். அதனால் ஒரே கம்பியில் இரண்டு சுரம். விரல் முட்டியால் கம்பியைத் தொட்டால் மூன்றாவதும் கிடைக்கும்.

வானொலியில் கேட்பவருக்குக் கண் கிடையாது. அவர் ஏற்கெனவே பார்த்த ஒன்றோடு முடிச்சுப் போட்டு விடுங்கள். நான் சொன்னது: "வில்லுப்பாட்டு வில்லை நினைச்சுக்குங்க. மணியெல்லாம் அவிழ்த்துடுங்க. குடத்தை எடுத்துட்டு ஒரு சுரைக்குடுக்கை கட்டுங்க. வீசுகோலுக்குப் பதில் ஒரு மெல்லிய குச்சி." இவ்வளவு போதும்.

3. ஒலிப்பதிவு

இதில்தான் புதியவர்கள் அதிகம் வழுக்கி விழுகிறார்கள். பாடகருக்கு வைப்பதுபோல மைக்கை வாய்க்கு நேரே வைத்தால் வில் கேட்கவே கேட்காது. உமக்வெயானாவின் உயிர் குடுக்கையின் வாயில் இருக்கிறது. வாசிப்பவர் அந்த வாயை நெஞ்சில் ஒட்டுவார், விலக்குவார். ஒட்டும்போது ஒலி அடங்கும், விலக்கும்போது 'வ்வாங்' என்று திறக்கும். அந்த நெஞ்சுக்கும் குடுக்கைக்கும் இடைப்பட்ட இடத்தைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கிற மாதிரி, ஒரு முழத்துக்குக் குறைவான தூரத்தில் மைக்கை வையுங்கள். பேச்சுக்கு வேறொரு மைக். ஹெட்போன் மாட்டாமல் எதையும் பதியாதீர்கள்.

அளவுமானி −12 டெசிபெல் பக்கம் ஏறி இறங்கினால் சரி. கோப்பு வேவ் (WAV) வடிவில் இருக்கட்டும். ரெக்கார்டர் பேட்டரியில் ஓடட்டும். லோட் ஷெடிங் என்னும் மின்வெட்டு பழக்கிய பாடம் இது, ஒரு முழுப் பேட்டியை நான் அப்படித்தான் இழந்தேன். கடைசியில் ஒரு நிமிடம் யாரும் பேசாமல் அறையின் சத்தத்தை மட்டும் பதிந்துகொள்ளுங்கள். எடிட் செய்யும்போது ஒட்டுப்போட உதவும். வெளியே பதிந்தால் ஹடிடா பறவை குறுக்கே கத்தும். நான் அதை வெட்டுவதில்லை. டர்பன் என்றால் ஹடிடா இருக்கத்தானே செய்யும்?

4. கேள்வி

"யாரால் ஈர்க்கப்பட்டீர்கள்?", "இளைஞர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?" இரண்டையும் தூக்கி எறியுங்கள். வாசிக்க வைக்கிற கேள்விதான் கேள்வி. அந்த வில் வாசிக்கும் பெண்மணியை இரண்டாம் முறை அழைத்தபோது நடந்தது:

"குடுக்கையை நெஞ்சில் வைக்காமல் வாசித்தால்?"

வாசித்தார். தட்டையான ஒரு டங்.

"இப்போ வச்சு?"

அதே கம்பி, அதே தட்டு. உள்ளேயிருந்து மெல்லிய குரல் ஒன்று ஏறி இறங்கியது. "இது என் மூச்சு இல்லை, என் உடம்பு" என்றார். அந்தப் பதிலை எந்த வாழ்க்கை வரலாற்றுக் கேள்வியும் வாங்கித் தந்திருக்காது.

எனக்குப் பிடித்த இன்னும் இரண்டு: "தப்பாக வந்து, பிறகு நீங்களே வைத்துக்கொண்ட சத்தம் எது?" "இதைக் கேட்டு வீட்டில் யார் முகம் சுளித்தார்கள்?" இரண்டாவதற்குச் சிரிப்பு நிச்சயம். நிகழ்ச்சி தொடங்கி ஒன்றரை நிமிடத்துக்குள் வாத்தியம் ஒலித்துவிட வேண்டும் என்பது என் கணக்கு.

5. மொழி

அவர் ஜூலுவில் அல்லது ஆங்கிலத்தில் பேசுவார், ஆயாவுக்குத் தமிழ் வேண்டும். பதிவு என்றால், முதல் வாக்கியத்தை அவர் குரலிலேயே விட்டு, பிறகு மெல்லத் தாழ்த்தி மேலே தமிழைப் பேசுங்கள். கடைசி நாலு சொல்லில் அவர் குரல் மறுபடி மேலே வரட்டும். சிரிப்பை மொழிபெயர்க்க வேண்டாம். லைவ் என்றால், ஒவ்வொரு பதிலுக்குப் பின்னும் இரண்டு வரி தமிழில் சொல்வேன் என்று முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் குறுக்கே பேசுகிறீர்கள் என்று நினைப்பார்.

பெயரை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். ஜூலுவின் சொடுக்கொலிகளை எழுத்தைப் பார்த்துப் பழக முடியாது. மரியாதைக்கு அவரை 'மாமா' என்று அழைத்தேன். ஜூலுவில் அது அம்மா. "பொம்பளையைப் போய் மாமாங்கிறியே" என்று மூன்று போன் வந்தது. முதலிலேயே விளக்கியிருக்க வேண்டும்.

6. மௌனம்

சிலர் வாசிப்பில் நீண்ட அமைதி இருக்கும். பல நிலையங்களில் ஒலி நின்றால் கண்டுபிடித்துத் தானாகவே வேறு பாட்டைப் போடும் கருவி உண்டு. எங்களுடையது 20 விநாடி பொறுக்கும். பொறியாளரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

7. தாள்

ஒலித்த ஒவ்வொன்றுக்கும் பெயர், இயற்றியவர், நேரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் சாம்ரோ போன்ற உரிமை அமைப்புகள் இசைக்காரருக்குப் பணம் பிரிக்கின்றன. அந்த நிமிடத்தில் பிறந்த வாசிப்புக்குப் பெயர் இருக்காது, ஆகவே அவர் கிளம்புவதற்குள் கேட்டு வாங்குங்கள். அந்த இரண்டாம் பேட்டி முடிந்ததும் வில் பெண்மணி பேனாவைப் பிடித்தபடி யோசித்தார். "முதல் தடவை போன் செய்தாரே, அந்தப் பாட்டியை நீங்கள் என்னவென்று கூப்பிடுவீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். தாளில் 'ஆயா' என்று எழுதி, பக்கத்தில் 4 நிமிடம் 10 விநாடி என்று குறித்தோம்.