ஆதித் திருச்சபையின் தற்காப்பாளர்களை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம், மூன்றாம் நூற்றாண்டுகளில் ரோமப் பேரரசில் கிறிஸ்தவர்கள்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளுக்கு எழுத்தின் வழியே மறுமொழி சொன்ன அறிஞர்களைத் தற்காப்பாளர்கள் என்று திருச்சபை வரலாறு அழைக்கிறது. ஜஸ்டின், தாத்தியான், அத்தேனாகோராஸ், அந்தியோக்கியாவின் தெயோப்பிலு, தெர்த்துல்லியன், அலெக்சாந்திரியாவின் கிளெமெந்து, ஓரிஜன் ஆகியோரின் பெயர்கள் தமிழிலும் பிரசங்கங்களிலும் இறையியல் கட்டுரைகளிலும் சமய விவாதங்களிலும் வருகின்றன. ஆனால், பெயரோடு சேர்ந்து வருவது பெரும்பாலும் ஒரே ஒரு வாக்கியம்தான். அந்த வாக்கியம் யாரை நோக்கி எழுதப்பட்டது, எந்தக் கேள்விக்கு விடையாக எழுதப்பட்டது என்று பார்க்காமல் அதை எடுத்தாள்வதிலிருந்தே இவர்களைப் பற்றிய தவறான புரிதல்களில் பெரும்பாலானவை பிறக்கின்றன.

முதலாவதும் மிகப் பரவலானதுமான தவறு, இவர்களை இரண்டு அணிகளாகப் பிரித்துவிடுவது. கிரேக்கத் தத்துவத்தை வரவேற்ற ஜஸ்டினும் கிளெமெந்தும் ஒரு பக்கம், அதை வெறுத்து ஒதுக்கிய தாத்தியானும் தெர்த்துல்லியனும் மறுபக்கம் என்று பாடநூல்கள்கூட எழுதுகின்றன. இதற்குச் சான்றாகக் காட்டப்படுவது, “அத்தேனேக்கும் எருசலேமுக்கும் என்ன சம்பந்தம்? கல்விக்கழகத்துக்கும் சபைக்கும் என்ன சம்பந்தம்?” என்ற தெர்த்துல்லியனின் புகழ்பெற்ற கேள்வி. கேள்வி அங்கே முடியவில்லை, “வேதப்புரட்டருக்கும் கிறிஸ்தவர்களுக்கும் என்ன சம்பந்தம்?” என்பது அதன் மூன்றாவது பகுதி. மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிற இந்த மூன்றாவது பகுதிதான் முழுப் பத்தியின் நோக்கத்தையும் காட்டுகிறது. வேதப்புரட்டரை எதிர்த்து எழுதிய நூலின் ஏழாம் அதிகாரத்தில் இது வருகிறது. சபையின் போதனையைத் திரித்த புரட்டர் என்று எண்ணப்பட்டவர்களுள் வாலென்டினுஸ் தன் போதனையைப் பிளேட்டோவிடமிருந்தும், மார்சியோன் தன் போதனையை ஸ்டோயிக்கர் என்ற கிரேக்கத் தத்துவப் பள்ளியினரிடமிருந்தும் எடுத்துக்கொண்டார்கள் என்பது அங்கே தெர்த்துல்லியன் வைக்கும் வழக்கு. சபைக்கு உள்ளே நடந்த ஒரு சண்டையில், உள்ளே இருப்பவர்களுக்குச் சொல்லப்பட்ட சொல் அது.

அதே தெர்த்துல்லியன் வெளியே இருப்பவர்களிடம் பேசும்போது என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். கி.பி. 197ஆம் ஆண்டளவில் கார்த்தேஜில் இருந்துகொண்டு ரோம ஆட்சியாளர்களை நோக்கி அவர் எழுதிய தற்காப்புரையில், உலகத்தைப் படைத்தது இறைவனின் வார்த்தையே என்று விளக்கும் இடத்தில், உங்கள் ஞானிகளும் இதையே சொன்னார்கள் என்று ஸ்டோயிக்கத்தை நிறுவிய ஸீனோவையும் அவருக்குப் பின்வந்த கிளியாந்தேஸையும் சாட்சிக்கு அழைக்கிறார். ஆன்மாவைப் பற்றி எழுதிய நூலில், ரோம ஸ்டோயிக்கத் தத்துவவாதி செனெக்கா “பல வேளைகளில் நம்மவர்” என்கிறார். ஆன்மாவும் ஒருவகை உடல் கொண்டதே என்று அந்த நூலில் அவர் வாதிடுவது முழுக்க ஸ்டோயிக்கச் சிந்தனை. தத்துவவாதிகள் அணியும் மேலாடையைத் தாம் அணிவதை நியாயப்படுத்தித் தனியாக ஒரு சிறு நூலே எழுதினார். அதே வேளையில், தற்காப்புரையின் 46ஆம் அதிகாரத்தில், தத்துவவாதிக்கும் கிறிஸ்தவனுக்கும், கிரேக்கத்தின் சீடனுக்கும் பரலோகத்தின் சீடனுக்கும் என்ன ஒப்புமை என்று கடுமையாகவே கேட்கிறார். இந்த இரண்டும் ஒரே மனிதருடைய எழுத்து. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை மறைப்பவர் தெர்த்துல்லியனுக்கு நேர்மையாக நடந்துகொள்ளவில்லை.

தாத்தியானிடமும் இதைக் காணலாம். கிரேக்கருக்கு எதிரான அவருடைய உரை மிகக் காரமானது. கிரேக்கத் தத்துவவாதி டயோஜெனெஸ் பச்சையாக ஆக்டோபஸ் தின்று செத்தார் என்ற ஊர்க்கதையைக்கூட அவர் விடவில்லை. என்றாலும், அந்த உரையின் முடிவில் அவர் தம்மை “பார்பாரியரின் முறைப்படி தத்துவம் பயில்பவன்” என்றே அறிமுகம் செய்கிறார். தத்துவம் என்ற பெயரைக் கிரேக்கரிடமிருந்து பிடுங்கித் தன் பக்கம் வைத்துக்கொள்வதே அவருடைய நோக்கம். அவர் ஜஸ்டினிடம் பாடம் கேட்டவர் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தெர்த்துல்லியன் பெயரில் உலவும் இன்னொரு வாக்கியம், “அபத்தமாக இருப்பதால் நம்புகிறேன்” என்பது. அவருடைய எந்த நூலிலும் இந்த வாக்கியம் இல்லை. கிறிஸ்துவுக்கு உண்மையான மாம்சம் இல்லை, தோற்றம் மட்டுமே இருந்தது என்று மார்சியோன் சொன்னதை எதிர்த்து எழுதிய நூலில், இறைமகன் மரித்தார் என்பது “பொருந்தாததாக இருப்பதாலேயே நம்பத்தக்கது” என்றும், அடக்கம் பண்ணப்பட்டவர் உயிர்த்தெழுந்தார் என்பது “இயலாததாக இருப்பதாலேயே நிச்சயமானது” என்றும் எழுதுகிறார். பகுத்தறிவைக் கைவிடும் பிரகடனமாக இதை வாசிப்பது பிழை. சிலுவையின் அவமானத்துக்கு வெட்கப்பட்டு மாம்சத்தை மறுத்த ஒருவருக்கு, அந்த அவமானத்தைக் கொண்டே கொடுத்த பதில் இது. நம்ப முடியாத ஒன்றை மக்கள் நம்புகிறார்களென்றால் அது நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம், ஏனெனில் நம்பும்படியான கதையை யாரும் எளிதில் புனைந்துவிடலாம் என்ற வகையிலான வாதம் அரிஸ்டாட்டிலின் சொல்லாட்சிக்கலை நூலிலேயே இருக்கிறது. சொல்லாட்சிக்கலையில் தேர்ந்த தெர்த்துல்லியனிடம் அந்த முறையின் சாயலைக் காண்பது வியப்புக்குரியதன்று.

ஜஸ்டின் விஷயத்தில் தவறு எதிர்த்திசையில் நடக்கிறது. இன்றைய நாபுலுஸ் நகரமான பிளாவியா நெயாப்போலிஸில் பிறந்த அவர், ஸ்டோயிக்கர், அரிஸ்டாட்டில் வழியினர், பித்தாகரஸ் வழியினர், பிளேட்டோ வழியினர் என்று ஒவ்வொரு ஆசிரியராகத் தேடிப்போன கதையைத் தாமே சொல்கிறார். கிறிஸ்தவரான பிறகும் தத்துவவாதியின் உடையை அவர் களையவில்லை. அவருடைய முதல் தற்காப்புரையின் 46ஆம் அதிகாரத்தில், லோகோஸின்படி (வார்த்தை, பகுத்தறிவு என்ற இரு பொருளும் கொண்ட கிரேக்கச் சொல்; ஜஸ்டினுக்கு அது கிறிஸ்துவைக் குறிக்கும்) வாழ்ந்தவர்கள் நாத்திகரென்று கருதப்பட்டாலும் கிறிஸ்தவர்களே என்றும், சாக்ரடீஸும் ஹெராக்ளிடஸும் அத்தகையோர் என்றும் எழுதியதைக் கொண்டு, எல்லா மதங்களும் ஒரே இடத்துக்குப் போகும் வழிகள் என்று இரண்டாம் நூற்றாண்டிலேயே ஒரு தற்காப்பாளர் ஒப்புக்கொண்டுவிட்டதாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்த அதிகாரத்தின் தொடக்கத்தைப் பார்த்தாலே போதும். கிறிஸ்து 150 ஆண்டுகளுக்கு முன்புதான் பிறந்தார் என்கிறீர்களே, அப்படியானால் அவருக்கு முன் வாழ்ந்தவர்களெல்லாம் எதற்கும் பொறுப்பில்லாதவர்களா என்று எதிராளி கேட்கக்கூடிய கேள்வியை ஜஸ்டின் முன்கூட்டியே எடுத்துக்கொண்டு விடை சொல்கிறார். பொறுப்பு எல்லாருக்கும் உண்டு, ஏனெனில் லோகோஸில் மனித இனம் முழுவதற்கும் பங்கு இருக்கிறது என்பதே விடை. லோகோஸின்படி வாழாதவர்கள் கிறிஸ்துவின் பகைவராக இருந்தார்கள் என்றும் அங்கேயே சொல்கிறார். இரண்டாம் தற்காப்புரையில் இதை இன்னும் விரித்து, தத்துவவாதிகளிடம் இருந்தது விதைக்கப்பட்ட லோகோஸின் ஒரு பகுதி, கிறிஸ்துவோ முழு லோகோஸ் என்கிறார். பகுதியை மட்டும் கண்டதாலேயே அவர்கள் ஒருவருக்கொருவர் முரண்பட்டார்கள் என்பது அவர் தரும் காரணம். சாக்ரடீஸ் சொன்னதற்காக உயிரைக் கொடுக்க யாரும் முன்வரவில்லை, கிறிஸ்துவுக்காகவோ கைத்தொழிலாளரும் கல்லாதவரும்கூட மரணத்தைத் துச்சமாக எண்ணுகிறார்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறார். இது சாக்ரடீஸுக்குச் செய்யும் மரியாதைதான். ஆனால் அந்த மரியாதையில் ஒரு தரவரிசை இருக்கிறது. “எவரெவர் நன்றாகச் சொன்னவையோ அவையெல்லாம் கிறிஸ்தவர்களாகிய எங்களுக்குரியவை” என்ற அவருடைய கூற்றைத் தாராள மனப்பான்மை என்று மட்டும் வாசிப்பவர், அதில் இருக்கும் உரிமைகோரலைத் தவறவிடுகிறார்.

இதே ஜஸ்டின், பிளேட்டோ தம் கருத்துகளை மோசேயிடமிருந்து பெற்றார் என்றும் எழுதினார். தத்துவத்தில் உள்ள உண்மைக்கு லோகோஸின் விதை ஒரு விளக்கம், மோசேயிடம் கடன் வாங்கியது மற்றொரு விளக்கம். இரண்டையும் அவர் ஒன்றோடொன்று பொருத்திக் காட்டவில்லை. இரண்டாவது விளக்கம் அன்று யூத அறிஞரிடையே வழக்கில் இருந்த கருத்து. பித்தாகரஸ் வழிவந்த நூமேனியுஸ்கூட, பிளேட்டோ என்பவர் ஆட்டிக் கிரேக்கத்தில் பேசும் மோசேயே அன்றி வேறு யார் என்று கேட்டதாகக் கிளெமெந்து பதிவுசெய்திருக்கிறார். பழமையானதே உண்மையானது என்று நம்பிய உலகத்தில், நேற்று தோன்றிய மதம் என்ற பழிக்கு அந்த வாதம் நல்ல கேடயமாக இருந்தது. இன்றைக்கு அதை வரலாற்று உண்மையாக மேடையில் எடுத்துச்சொல்வது சரியன்று. பிளேட்டோ மோசேயின் நூல்களை வாசித்தார் என்பதற்குச் சான்று எதுவும் கிடையாது.

விவாதங்களில் ஜஸ்டினை எதிர்த்தரப்பாரும் தவறாகவே கையாளுகிறார்கள். கன்னியிடம் பிறந்தார், சிலுவையில் அறையுண்டார், உயிர்த்தெழுந்தார், பரலோகம் ஏறினார் என்று நாங்கள் சொல்வது, ஸேயுஸின் புதல்வர்களைப் பற்றி நீங்கள் சொல்வதைவிடப் புதியதொன்றும் இல்லை என்று அவர் முதல் தற்காப்புரையின் 21ஆம் அதிகாரத்தில் எழுதினார். கிறிஸ்துவின் கதை கிரேக்கப் புராணங்களிலிருந்து எடுக்கப்பட்டது என்பதற்கு இது ஒப்புதல் வாக்குமூலமாகக் காட்டப்படுகிறது. ஜஸ்டின் அங்கே வைப்பது நீதிமன்ற வாதம்: ஹெர்மெஸையும் அஸ்கிலேப்பியோஸையும் பற்றி இவற்றைச் சொல்பவர்களைத் தண்டிக்காத நீங்கள், எங்களை மட்டும் ஏன் தண்டிக்கிறீர்கள்? அடுத்த சில அதிகாரங்களிலேயே, எங்களுடையது மட்டுமே உண்மை என்றும், அந்தப் புராணங்கள் தீய ஆவிகள் புனைந்தவை என்றும் சொல்லிவிடுகிறார். ரோமப் பேரரசில் வழிபடப்பட்ட மித்ரா என்ற தெய்வத்தின் மறைச்சடங்கில் அப்பமும் தண்ணீர்க் கிண்ணமும் இடம்பெறுவதைத் தீய ஆவிகள் செய்த போலி என்று 66ஆம் அதிகாரத்தில் சொல்வதும் இந்த வகையே. அந்தச் சடங்கு எப்படி நடந்தது என்பதற்கு அவர் ஒரு சாட்சி. எது எதிலிருந்து வந்தது என்பதற்கு அவருடைய சொல்லை எந்தத் தரப்பும் ஆதாரமாக்க முடியாது.

கிரேக்க ரோமச் சமய வாழ்வைத் தற்காப்பாளர்களின் நூல்களிலிருந்து மட்டும் தெரிந்துகொள்வது அடுத்த தவறு. அந்தச் சமயம் ஒரு மறைநூலையோ ஒரு விசுவாச அறிக்கையையோ கொண்ட ஒற்றை மதமாக இருந்ததில்லை. ஊர்த் தெய்வங்கள், வீட்டு வழிபாடு, பேரரசர் வழிபாடு, மறைச்சடங்குகள் எல்லாம் அதில் அடங்கும். பலி செலுத்துவதே அதில் முதன்மையானது; அதனால்தான் பலி செலுத்த மறுத்த கிறிஸ்தவர்கள் நாத்திகர் எனப்பட்டார்கள். அத்தேனாகோராஸ் ஏறத்தாழ கி.பி. 177இல் பேரரசர்களான மார்க்கஸ் ஔரேலியுஸுக்கும் கொம்மொதுஸுக்கும் எழுதிய விண்ணப்பத்தில் மறுக்கும் மூன்று குற்றச்சாட்டுகளில் இதுவே முதலாவது. நரமாமிச விருந்தும் தகாத உறவும் மற்ற இரண்டு. புராணக் கதைகளின் ஒழுக்கக்கேட்டைத் தற்காப்பாளர்கள் சாடும்போது, அந்தச் சாடலைக் கிரேக்கரே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. குதிரைகளுக்கும் சிங்கங்களுக்கும் கைகள் இருந்தால் அவையும் தம் உருவிலேயே தெய்வங்களை வரையும் என்ற பழங்கிரேக்கச் சிந்தனையாளர் ஸெனோபனெஸின் வரிகளை நமக்குக் காத்துத் தந்தவர் கிளெமெந்து. அவருடைய பார்வை கிரேக்கத்தோடு நிற்கவுமில்லை. புத்தரின் கட்டளைகளைப் பின்பற்றி, அவருடைய மேன்மையான தூய்மைக்காக அவரைத் தெய்வமாகப் போற்றும் இந்தியர்களைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கிறார்.

கிறிஸ்தவத்தைத் தாக்கி நூல் எழுதிய செல்சுஸை அறிவிலியாக எண்ணுவதும் இதோடு சேர்ந்த பிழை. மேலான ஒரே இறைவனை ஏற்றுக்கொண்ட பிளேட்டோ வழியினர் அவர். பிற தெய்வங்களை, பேரரசனின் கீழுள்ள ஆளுநர்களைப் போல மதிக்க வேண்டும் என்றார். உடல் உயிர்த்தெழும் என்ற நம்பிக்கையைப் புழுக்களின் நம்பிக்கை என்று எள்ளிய அவருடைய நூல் அழிந்துவிட்டது. ஏறத்தாழ 70 ஆண்டுகளுக்குப் பின், கி.பி. 248 அளவில், ஓரிஜன் எட்டுப் புத்தகங்களில் அதை மறுத்தபோது, எதிராளியின் சொற்களைப் பத்தி பத்தியாக எடுத்துக்கொடுத்து மறுத்ததாலேயே அதில் பெரும்பகுதி நமக்குக் கிடைத்திருக்கிறது. ஓரிஜனின் இந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால், எதைச் சேர்த்தார், எதை விட்டார் என்பது அவர் கையில் இருந்தது. கிறிஸ்தவத்தை எதிர்த்து எழுதிய மற்றொரு தத்துவவாதியான போர்பிரியின் நூலுக்கு அந்த வாய்ப்பும் இல்லை, கி.பி. 448இல் பேரரசாணையால் அது எரிக்கப்பட்டது.

இந்த நூல்கள் எல்லாம் பேரரசர்கள் வாசித்துத் தீர்ப்பளித்த மனுக்கள் என்று கொள்ளக் கூடாது. பேரரசரின் பெயர் முகப்பில் இருந்தாலும், அவர் வாசித்ததற்குச் சான்று இல்லை. சபையாரின் கைகளில் அவை புழங்கியது உறுதி. ஜஸ்டினை ஏறத்தாழ கி.பி. 165இல் மரணத்துக்கு ஒப்புக்கொடுத்த ரோம நகர ஆளுநர் யூனியுஸ் ருஸ்திக்குஸ், மார்க்கஸ் ஔரேலியுஸுக்கு ஸ்டோயிக்கம் கற்பித்தவர். தத்துவம் கற்றவரிடமே தத்துவவாதியின் உடையணிந்த கிறிஸ்தவருக்கு இரக்கம் கிடைக்கவில்லை.

தூய எபிரேய விசுவாசத்தைத் தற்காப்பாளர்கள்தான் கிரேக்கச் சிந்தனையால் கெடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டையும் நிதானமாக அணுக வேண்டும். அலெக்சாந்திரியாவின் யூதத் தத்துவவாதி பிலோ அவர்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே மோசேயைப் பிளேட்டோவின் மொழியில் விளக்கியிருந்தார். அரெயோபாகு மேடையில் பவுல் கிரேக்கக் கவிஞரின் வரியை மேற்கோள் காட்டியதை அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரம் சொல்கிறது. மறுபுறம், கிரேக்கம் ஏற்காத இடங்களில் இவர்கள் அழுத்தமாக நின்றார்கள். உருவமற்ற பொருளிலிருந்து இறைவன் உலகை ஆக்கினார் என்று பிளேட்டோவை ஒட்டி ஜஸ்டின் எழுதியிருக்க, சில பத்தாண்டுகளில் தெயோப்பிலு, பொருளும் ஆதியற்றதென்றால் இறைவன் எப்படி எல்லாவற்றுக்கும் ஆண்டவராவார் என்று கேட்டு, ஒன்றுமில்லாமையிலிருந்தே படைப்பு என்றார்.

தெயோப்பிலுவை வைத்துச் செய்யப்படும் இரண்டு தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். இறைவன், அவருடைய வார்த்தை, அவருடைய ஞானம் என்ற மூவரைக் குறித்து, கிடைத்திருக்கும் கிறிஸ்தவ எழுத்துகளில் முதன்முதலாக ‘மும்மை’ என்று சொன்னவர் அவர். அதைக் கொண்டு கி.பி. 325இல் நிசேயாவில் கூடிய திருச்சபைச் சங்கத்தில் அறிக்கையிடப்பட்டதையும் அதற்குப் பின் முழுமைபெற்ற கோட்பாட்டையும் அவர் அப்படியே போதித்தார் என்றோ, ஜஸ்டின் லோகோஸை “மற்றொரு இறைவன்” என்றதைக் கொண்டு அவரைப் புரட்டர் என்றோ சொல்லக் கூடாது. அந்தக் கேள்விகள் அவர்கள் காலத்தில் அந்த வடிவில் எழவே இல்லை. ஔதோலிக்கு என்பவருக்கு அவர் எழுதிய மூன்று புத்தகங்களிலும் இயேசு என்ற பெயர் ஓரிடத்திலும் வரவில்லை என்பது இன்னொரு செய்தி. இதைக் கேட்டதும், அவருக்கு இயேசுவைத் தெரியாது என்று முடிவுகட்டுபவர்கள் இருக்கிறார்கள். அவர் அந்தியோக்கியாவின் பேராயர். அதே நூலில் யோவானின் நற்செய்தித் தொடக்கத்தை யோவான் பெயராலேயே மேற்கோள் காட்டுகிறார், எதிரிகளை நேசியுங்கள் என்ற கட்டளையை நற்செய்தியின் கட்டளையென்று எடுத்துரைக்கிறார். ஔதோலிக்கு இன்னும் சிலைகளையே வணங்கிக்கொண்டிருந்தார். ஆகவே படைத்தவர் ஒருவரே என்பதையும், எபிரேய மறைநூல்களின் பழமையையும் அவருக்கு முதலில் நிலைநாட்ட வேண்டியிருந்தது.