ஜேர்மனிக்குப் போனால் ஒரு யூதத் தொழுகைக்கூடத்தை எப்படிப் பார்ப்பது

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் ஜேர்மனியில் ஒரு சொந்தமாவது இல்லாத குடும்பம் குறைவு. பிள்ளைகளிடம் போய் நிற்கும் அம்மா அப்பாவை ஹம் காமாட்சி அம்பாள் கோயிலுக்கும் கொலோன் பெரிய தேவாலயத்துக்கும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போவார்கள். அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன்: யூதர்களின் ஒரு தொழுகைக்கூடம். கும்பிட்ட இடம் இடிந்து, ஆட்கள் சிதறிப் போனபிறகு அந்த நிலத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு ஜேர்மனியில் ஊருக்கு ஊர் ஒவ்வொரு விடை இருக்கிறது, அதைப் பார்க்க வேண்டிய ஆட்கள் வன்னியில் இருக்கிறோம். அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட வரலாற்றை எங்கள் கதையோடு நிறுத்துப் பார்க்கச் சொல்லவில்லை. கட்டடத்தைப் பார்க்கத்தான் சொல்கிறேன்.

முதலில் போகிற ஒழுங்கு. இன்றும் வழிபாடு நடக்கும் கூடத்துக்குள் நினைத்தவுடன் நுழைய முடியாது, முன்கூட்டியே எழுதிப் பதிந்து, பாஸ்போட்டோடு போக வேண்டும், வாசலில் பொலிஸ் நிற்கும். 2019 ஒக்டோபரில் ஹாலே நகரில் அவர்களின் மிகப் புனிதமான நோன்பு நாளன்று துப்பாக்கியோடு வந்தவனால் கதவை உடைக்க முடியவில்லை, வெளியில் இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றான். அதனால் பையைச் சோதித்தால் முகம் சுளிக்காதீர்கள். சனிக்கிழமை ஓய்வுநாள், அன்று படம் எடுக்கக் கூடாது. ஆண்கள் தலையை மூட வேண்டும், தொப்பி இல்லாவிட்டால் வாசலில் தருவார்கள். செருப்பைக் கழற்றத் தேவையில்லை. எர்ஃபுர்ட் போன்று அருங்காட்சியகமாக இருப்பவற்றுக்கு டிக்கெட் எடுத்தால் போதும். செப்டெம்பர் இரண்டாம் ஞாயிறு பழைய கட்டடங்களைத் திறந்துவிடும் நாள், சின்ன ஊர்களில் வழமையாகப் பூட்டிக் கிடக்கும் கூடங்கள் சிலவற்றையும் அன்று பார்க்கலாம்.

சரி, போய்ச் சேர்ந்ததும் உடனே உள்ளே போகாதீர்கள். கட்டடம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள், தெரு ஓரத்திலா, வீடுகளுக்குப் பின்னால் வளவுக்குள்ளா. பல நூற்றாண்டாக யூதர்கள் எங்கே குடியிருக்கலாம், எங்கே கட்டலாம் என்பதையெல்லாம் ஆட்சியாளர்கள்தான் தீர்மானித்தார்கள், ஆகவே பழைய கூடங்கள் ஒதுங்கியே நின்றன. 19ஆம் நூற்றாண்டில் உரிமைகள் ஒவ்வொன்றாகக் கிடைக்கத் தொடங்கியதும் கட்டடமும் வெளியே வந்தது. பேர்லின் ஒரானியன்பூர்கர் தெருவில் 1866இல் திறந்த புதிய தொழுகைக்கூடம் 3,200 இருக்கைகளோடும், தூரத்திலேயே தெரியும் தங்க முலாம் பூசிய குவிமாடத்தோடும் தெருவைப் பார்த்து நின்றது. கட்டடக் கலைஞர் எடுவார்ட் க்னோப்லவுக் அதன் வரைபடத்தைப் போட்டபோது ஸ்பெயினின் அல்ஹம்பிரா அரண்மனையை மனதில் வைத்திருந்தார், அதனால்தான் முதல் பார்வைக்குப் பள்ளிவாசல் போலத் தெரியும். நாங்களும் இந்த நாட்டுக்காரர்தான், ஆனால் எங்கள் கோயில் தேவாலயம் போல இருக்கத் தேவையில்லை என்று சொல்கிற கட்டடமாகத்தான் எனக்கு அது தெரிகிறது. ஐந்து வருடம் கழித்து, 1871இல், ஜேர்மன் பேரரசு முழுவதும் யூதர்களுக்குச் சட்டப்படி சம உரிமை வந்தது.

உள்ளே போனால் கிழக்குச் சுவரைத் தேடுங்கள். ஜேர்மனியில் எருசலேம் இருக்கும் திசை அதுதான் என்று அந்தப் பக்கம் பார்த்தே தொழுவார்கள். அந்தச் சுவரில் திரை போட்ட ஒரு பேழை இருக்கும், அவர்களின் வேதமான தோராவைக் கையால் எழுதிய தோற்சுருள்கள் அதற்குள் இருக்கும், முன்னால் அணையா விளக்கு தொங்கும். மூலவர், சிலை என்று எதுவும் இல்லை, எழுத்துத்தான் அங்கே பெரியது. பிறகு வாசிக்கும் மேடை எங்கே என்று கவனியுங்கள். அது மண்டபத்தின் நடுவில் இருந்தால் பழைய முறையைக் கைவிடாத சபை கட்டியது என்று பெரும்பாலும் சொல்லலாம், பேழைக்குப் பக்கத்தில் முன்னால் தள்ளி வைத்திருந்தால் 19ஆம் நூற்றாண்டின் சீர்திருத்தக்காரர் கை பட்டிருக்கிறது. தேவாலயத்தில் இருப்பது போல ஓர்கன் இருந்தால் சந்தேகமே வேண்டாம். பெண்கள் எங்கே இருந்தார்கள் என்பதையும் கட்டாயம் கேளுங்கள். வோர்ம்ஸில் 1212–13இல் அவர்களுக்கென்று தனி மண்டபமே கட்டினார்கள், பின்னாளில் பெரும்பாலும் மேல்மாடம்.

வளவில் நிலத்துக்குக் கீழே போகும் படி இருந்தால் இறங்கிப் பாருங்கள். சடங்குக்கு முழுகும் குளம் அது. எடுத்து ஊற்றிய தண்ணீர் அதற்கு ஆகாது, இயற்கையாக வந்த தண்ணீர்தான் வேண்டும், அதனால் ஸ்பையரில் 12ஆம் நூற்றாண்டிலேயே நிலத்தடி நீர் வரும்வரை ஏறக்குறைய பத்து மீற்றர் தோண்டிக் கட்டியிருக்கிறார்கள். எங்கள் தீர்த்தக் கேணியை வீட்டுக்குள் மறைத்துக் கட்டியது போல இருக்கும். ஸ்பையர், வோர்ம்ஸ், மைன்ஸ் மூன்று ஊர்களின் யூத இடங்களையும் 2021இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையில் சேர்த்தது.

இனி, எதைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: 1938 நவம்பர் 9, 10 இரவில் இந்தக் கட்டடத்துக்கு என்ன நடந்தது? ஜேர்மனியிலும் அதன் பிடியில் இருந்த ஒஸ்திரியாவிலும் 1,400க்கும் மேற்பட்ட தொழுகைக்கூடங்களும் தொழுகை அறைகளும் அந்த நாட்களில் ஹிட்லரின் நாசிகளால் எரிக்கப்பட்டன, உடைக்கப்பட்டன. பல இடங்களில் தீயணைப்புப் படை வந்தது, பக்கத்து வீட்டுக்குத் தீ பரவாமல் மட்டும் பார்த்துக்கொண்டது. பேர்லின் ரைக்கெ தெருக் கூடம் வீடுகளுக்கு நடுவில் வளவுக்குள் இருந்ததால் எரிக்காமல் விட்டார்கள். ஒரானியன்பூர்கர் தெருவில் வைத்த தீயை, வில்ஹெல்ம் க்ரூட்ஸ்ஃபெல்ட் பொறுப்பில் இருந்த அந்தப் பகுதிப் பொலிஸார் இது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று சொல்லி ஆட்களை விரட்டி, தீயணைப்புப் படையைக் கூப்பிட்டு அணைக்க வைத்தார்கள். அந்தக் கூடம் பிறகு 1943இல் குண்டுவீச்சில் சிதைந்தது, 1958இல் மண்டபத்தை முழுதாக இடித்தார்கள்.

தப்பிய கதைகளில் எர்ஃபுர்ட் தனி. 1094 அளவில் தொடங்கிய சுவர்கள் அங்கே இன்றும் நிற்கின்றன. 1349இல் ஊர் யூதர்களைக் கொன்றும் துரத்தியும் முடித்தபின் கூடம் களஞ்சியமானது, பிறகு சாப்பாட்டுக்கடை, நடன மண்டபம் என்று மாறி, சுற்றிவரக் கட்டடங்கள் மூடிக்கொண்டதில் அது என்ன என்பதே ஊருக்கு மறந்துபோனது. அந்த மறதியால்தான் 1938இல் தப்பியது. உள்ளே கீழ்ச்சுவரில் விளக்கு வைத்த கல் விளிம்பும், மேல்மாடியில் நடன மண்டபத்துச் சாயமும் இரண்டும் இருக்கும். திருத்தியவர்கள் பிந்திய காலத்தைச் சுரண்டி எடுக்காமல் விட்டது எனக்கு மிகவும் பிடித்தது.

சின்ன ஊர் ஒன்றையும் பாருங்கள். வூர்ட்ஸ்பூர்க்குக்குப் பக்கத்தில் வைட்ஸ்ஹோக்ஹைம் என்ற ஊரின் கூடம் 1730 அளவில் கட்டியது, நாசிக் காலத்தில் அதைத் தீயணைப்பு நிலையமாக்கினார்கள். பேழையும் மேடையும் செதுக்கிய கல்லில் செய்தவை. அவற்றை உடைத்து, அந்தத் துண்டுகளையே நிலத்துக்கு நிரப்பாகப் போட்டு மேலே தரை போட்டுவிட்டார்கள். 1980களில் தோண்டியபோது துண்டுகள் வெளியே வந்தன, பொருத்திப் பொருத்தித் திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். கடவுள் பெயர் எழுதிய தாளை எறியக்கூடாது என்பது அவர்களின் வழக்கம், அப்படிச் சேர்த்து வைத்த பழைய நூல்களும் தாள்களும் முகட்டில் கிடந்தன. பேழைக்கு முன் நிற்கும்போது எது பழைய கல், எது புதிதாக நிரப்பியது என்று கிட்டப் போய்ப் பாருங்கள்.

திரும்பக் கட்டுவதிலும் மூன்று வழி பார்க்கலாம். வோர்ம்ஸில் பழைய கற்களையும் சேர்த்து முன்பு இருந்தது போலவே கட்டி 1961இல் திறந்தார்கள், ஆனால் அப்போது அந்த ஊரில் தொழ ஒரு யூதச் சபை இல்லை. டிரெஸ்டனில் 1840இல் கொட்ஃப்ரிட் செம்பர் கட்டிய கூடம் எரிந்த இடத்துக்குப் பக்கத்தில் 2001இல் முற்றிலும் புதிய கனசதுரம் எழுந்தது, ஒவ்வொரு கல் வரிசையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி உச்சியில் கிழக்கைப் பார்க்கிறது. 1938இல் அல்ஃப்ரெட் நொய்கெபவர் என்ற தீயணைப்பு வீரர் ஒளித்து வைத்துக் காப்பாற்றிய தாவீதின் நட்சத்திரம் வாசலுக்கு மேலே இருக்கிறது. பேர்லின் ஒரானியன்பூர்கர் தெருவில் முன்பகுதியையும் குவிமாடத்தையும் மட்டும் திருத்தி, மண்டபம் இருந்த நிலத்தை வெறுமையாக விட்டு, அதன் அளவைக் கல்லால் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்கள். மூன்றிலும் பேர்லின்தான் நேர்மையானது என்பது என் எண்ணம். போனது போனதாகவே தெரிகிறது.

அடுத்தது ஊருக்குத் திரும்பியபிறகு செய்கிற வேலை. 1994இல் லூபெக் தொழுகைக்கூடத்துக்குத் தீ வைத்தபிறகு டார்ம்ஸ்டட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் அழிந்த கூடங்களைக் கணினியில் திரும்பக் கட்டத் தொடங்கினார்கள். பழைய படம், வரைபடம், உயிரோடு இருந்தவர்களின் நினைவு, இவைதான் கையில் இருந்தவை. இதை வன்னியில் கணினி இல்லாமலே செய்யலாம். 2009க்குப் பிறகு வெளிநாட்டுக் காசில் பல கோயில்கள் சீமெந்தில் பெரிதாக எழும்பிவிட்டன, நல்லது, ஆனால் பழைய கோயில் எப்படி இருந்தது என்று கேட்டால் இளம் ஆட்களுக்குத் தெரியாது.

வயதானவர்களைக் கோயில் வளவுக்கே கூட்டிக்கொண்டு போங்கள், வீட்டில் வைத்துக் கேட்டால் பாதிதான் வரும். ஒவ்வொருவராகக் கேளுங்கள், கூட்டமாகக் கேட்டால் சத்தமாகக் கதைப்பவரின் நினைவே எல்லாருடைய நினைவாகிவிடும். வாசல் எந்தத் திசை, மணி எங்கே தொங்கியது, மடைப்பள்ளி எந்தப் பக்கம், வைரவர் சூலம் எந்த மரத்தடியில் நின்றது, பெண்கள் எங்கே பொங்கினார்கள், யார் உள்ளே போகலாம் யார் வெளியே நின்றார்கள் என்பதையும் வெட்கப்படாமல் கேளுங்கள். சொல்லச் சொல்லத் தடி நட்டுக் கயிறு கட்டி அளவெடுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் பெயர் போட்டு எழுதுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களிடம் பழைய கலியாண, காதுகுத்து அல்பங்களைத் தேடச் சொல்லுங்கள், மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால் ஒரு தூண் நிற்கும், அதுதான் வேண்டும். படத்தின் பின்பக்க எழுத்தையும் சேர்த்து ஸ்கேன் பண்ணச் சொல்லுங்கள். உடைந்த கல், தூண் துண்டு எதுவும் கிடந்தால் அத்திவாரத்துக்குப் போட விடாதீர்கள்.

சேர்ந்ததைப் போனில் மட்டும் வைத்திருக்க வேண்டாம், ஒரு பிரதி கோயில் பரிபாலன சபைக்கு, ஒரு பிரதி ஊர்ப் பாடசாலை நூலகத்துக்கு. ஈழத்து ஆவணங்களை இணையத்தில் சேர்த்து வைக்கும் நூலகம் நிறுவனத்துக்கும் அனுப்புங்கள், யார் சொன்னது, எந்தத் திகதி என்பது ஒவ்வொரு தாளிலும் இருக்கட்டும்.