மாணவர் மனத்திலிருக்கும் உலகப் படத்தைத் திருத்துவது எப்படி?

‘நீ நினைப்பது தவறு, சரியானது இது’ என்று சொல்லி மாணவரின் பிழையான கருத்தைத் திருத்த முயல்வது பெரும்பாலும் பயன் தருவதில்லை. தேர்வுத்தாளில் சரியான விடையை எழுதிய அதே மாணவர், அடுத்த ஆண்டு பேச்சுவாக்கில் கேட்டால் பழைய கருத்தையே சொல்வார். அந்தக் கருத்து வகுப்புச் சுவரில் தொங்கும் வரைபடம், சிறுவயதில் கேட்ட கதை, வாட்ஸ்அப்பில் வந்த செய்தி ஆகியவற்றின் துணையோடு நிற்பதால், ஆசிரியரின் ஒரு வாக்கியம் அதை அசைப்பதில்லை. எனவே உலக வரலாற்றையும் புவியியலையும் கற்பிப்பவர், முதலில் மாணவரின் ஊகத்தைக் குறிப்பேட்டில் எழுதச் செய்து, பின்னர் அதைச் சோதிக்கும் சான்றை அவர் கையிலேயே கொடுத்து, கடைசியாக ‘இந்தப் பிழை எங்கே, யாரால், எதற்காகப் பிறந்தது’ என்று தேட வைக்க வேண்டும். நாம் வழக்கமாக விட்டுவிடுவது இந்த மூன்றாவது வேலையைத்தான். ஆனால் மாணவர் மனத்தில் நெடுங்காலம் நிற்பது அதுவே.

வரைபடத்திலிருந்து தொடங்குதல்

உலக உருண்டையும் ஒரு ட்ரேசிங் தாளும் இருந்தாலே தொடங்கக்கூடிய பாடம் கிரீன்லாந்து. இந்தியா பெரியதா, கிரீன்லாந்து பெரியதா என்று கேட்டு, விடையை எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு மாற்றக்கூடாது என்பதை நிபந்தனையாக்குங்கள். சுவர் வரைபடத்தைப் பார்த்துப் பழகியவர்கள் தயங்காமல் கிரீன்லாந்து என்றே எழுதுவார்கள். பிறகு உலக உருண்டையின் மேல் ட்ரேசிங் தாளை வைத்து கிரீன்லாந்தின் விளிம்பை வரைந்து, அதை அப்படியே இந்தியாவின் மேல் வைக்கச் செய்யுங்கள். இந்தியாவின் வடக்குத் தெற்கு நீளம் 3,214 கிலோமீட்டர் என்பது அவர்கள் மனப்பாடமாக அறிந்த எண். கிரீன்லாந்தின் நீளமோ ஏறத்தாழ 2,670 கிலோமீட்டர்தான். பரப்பளவில் இந்தியா சுமார் 32.87 லட்சம் சதுர கிலோமீட்டர், கிரீன்லாந்து சுமார் 21.7 லட்சம். ஆப்பிரிக்காவோ மூன்று கோடிக்கும் மேல், அதாவது கிரீன்லாந்தைப் போல் பதினான்கு மடங்கு.

இங்கேயே நிறுத்திவிட்டால் ‘வரைபடம் பொய் சொல்கிறது’ என்ற புதிய பிழையோடு மாணவர் வீடு திரும்புவார். ஆகவே கணக்கு ஆசிரியரின் உதவியோடு அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். 60 பாகை அட்சக்கோட்டின் சுற்றளவு நிலநடுக்கோட்டின் சுற்றளவில் பாதி. கணக்குப் பாடத்தில் வரும் கொசைன் (cos) 60 பாகையின் மதிப்பு அதைத்தான் சொல்கிறது. சுவரில் தொங்கும் மெர்கேட்டர் வகை வரைபடமோ இரண்டு கோடுகளையும் ஒரே நீளத்தில் வரைகிறது. அதனால் 60 பாகையில் உள்ள நிலம் கிழக்கு மேற்காக இரண்டு மடங்கு அகன்றுவிடுகிறது; நிலத்தின் உருவம் கெடாமலிருக்க வடக்குத் தெற்காகவும் இரண்டு மடங்கு நீட்ட வேண்டியிருப்பதால், பரப்பு நான்கு மடங்காகத் தெரிகிறது. கிரீன்லாந்தின் பெரும்பகுதி இதற்கும் வடக்கே இருப்பதால் வீக்கம் இன்னும் கூடுதல்.

ஏன் அப்படி வரைந்தார்கள்? வரைபடக் கலைஞர் ஜெரார்டஸ் மெர்கேட்டர் 1569இல் இதை மாலுமிகளுக்காக வரைந்தார். திசைகாட்டியில் ஒரே கோணத்தைப் பிடித்துக்கொண்டு செல்லும் கப்பலின் பாதை இந்த வரைபடத்தில் நேர்கோடாக விழும். நடுக்கடலில் அளவுகோலும் பாகைமானியும் மட்டும் வைத்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது. பள்ளிச் சுவர் அதன் இடமே அல்ல. ஆப்பிரிக்காவைச் சிறுமைப்படுத்தவே மெர்கேட்டர் இப்படிச் செய்தார் என்று இணையத்தில் பரவும் விளக்கத்தையும் ஏற்கக் கூடாது: இந்த வரைபடம் ஐரோப்பியர் மனத்தில் ஐரோப்பாவைப் பெரிதாக்கிக் காட்டியது உண்மை, ஆனால் விளைவை நோக்கமாகச் சொல்வது வரலாற்றில் அடிக்கடி நேரும் பிழைகளுள் ஒன்று. 1970களில் புகழ்பெற்ற பீட்டர்ஸ் வரைபடம் பரப்பைச் சரியாகக் காட்டினாலும் நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளை மேலும் கீழுமாக இழுத்துவிடுகிறது. ஒரு சாத்துக்குடியின் தோலை முழுதாக உரித்து மேசையில் தட்டையாக்கச் சொன்னால், எதையும் இழக்காத தட்டை வரைபடம் ஏன் இல்லை என்பது யாரும் விளக்காமலே புரிந்துவிடும்.

நிழலை அளத்தல்

கோடையில் பூமி சூரியனுக்கு அருகில் செல்கிறது என்பது பெரியவர்களிடமும் காணப்படும் கருத்து. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில். மிகத் தொலைவில் இருப்பது ஜூலையில், சுமார் 15.2 கோடி கிலோமீட்டரில். இந்த எண்களைப் பலகையில் எழுதுவதைவிட, பள்ளி முற்றத்தில் ஒரு மீட்டர் கம்பை நட்டு, ஆண்டு முழுவதும் மாதம் ஒருமுறை நண்பகல் நிழலை அளப்பது நல்லது. சென்னையில் டிசம்பர் 21 அன்று அந்த நிழல் வடக்கு நோக்கி ஏறத்தாழ 74 சென்டிமீட்டர் நீளும். ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாள் மறைந்தே போகும். ஜூன் 21 அன்று தெற்கு நோக்கி ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் விழும். நிழல் தெற்கே விழுவதைக் கண்ணால் பார்த்த மாணவர், பருவங்களுக்குக் காரணமான பூமியின் அச்சுச் சாய்வைப் படத்தில் மட்டும் பார்த்தவரைப் போலப் பேசமாட்டார்.

இதே கம்பு வரலாற்று வகுப்புக்கும் பயன்படும். கொலம்பஸ் 1492இல் புறப்பட்டபோது பூமி தட்டை என்று எல்லோரும் நம்பினார்கள், அவர்தாம் உருண்டை என்று நிறுவினார் என்ற கதை இன்னும் சொல்லப்படுகிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் நண்பகல் நிழலின் கோணம் வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு என்று அளந்து, பூமியின் சுற்றளவைக் கணித்திருந்தார். இந்தியாவில் ஆரியபடர் கி.பி. 499இல் பூமி உருண்டை என்பதை வைத்தே கணக்கிட்டார். எரட்டோஸ்தனிஸின் கணக்கை இன்று நம் மாணவர்களே செய்யலாம். கன்னியாகுமரியும் டெல்லியும் ஏறக்குறைய ஒரே தீர்க்கக்கோட்டில் உள்ளன. இரண்டு ஊர்ப் பள்ளிகளும் ஒரே நாளில் நண்பகல் நிழலை அளந்து கைப்பேசியில் பரிமாறிக்கொண்டால் கோண வேறுபாடு 20.5 பாகையை ஒட்டி வரும். இடைத்தூரம் நேர்கோட்டில் சுமார் 2,280 கிலோமீட்டர். மீதியை மாணவர்களே கணக்கிட்டு 40,000 கிலோமீட்டரை நெருங்கிவிடுவார்கள்.

அப்படியானால் ஸ்பெயின் நாட்டு அறிஞர்கள் கொலம்பஸை எதிர்த்தது எதற்காக? அவர் பூமியின் அளவைக் குறைத்துக் கணக்கிட்டதற்காக. வானியலாளர் அல்-ஃபர்கானி அரபு மைலில் சொன்ன அளவை அவர் அதைவிடச் சிறிய ரோமானிய மைலாக எடுத்துக்கொண்டார். ஆசியா உண்மையில் இருப்பதைவிடக் கிழக்கே மிக நீண்டு கிடக்கிறது என்றும் நம்பினார். ஆப்பிரிக்காவின் வடமேற்கே உள்ள கேனரித் தீவுகளிலிருந்து ஜப்பானுக்கு 5,000 கிலோமீட்டருக்கும் குறைவு என்பது அவருடைய முடிவு; உண்மையான தொலைவு ஏறத்தாழ 20,000. எதிர்த்தவர்கள் சொன்னதே சரி. இடையில் ஒரு கண்டம் இருந்ததால் கொலம்பஸ் உயிர் பிழைத்தார், அலகு மாற்றத்தில் மதிப்பெண் இழக்கும் மாணவர்களுக்கு இது ஒருவகை ஆறுதல். சான்றாகக் காட்ட மார்ட்டின் பெஹைம் 1492ஐ ஒட்டி நியூரம்பெர்கில் செய்த உலக உருண்டையின் படம் போதும்: கொலம்பஸ் திரும்பி வருமுன் செய்யப்பட்ட அந்த உருண்டையில் அமெரிக்கா இல்லை. தட்டைப் பூமிக் கதையைப் பெரிதும் பரப்பியது, அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் 1828இல் கற்பனை கலந்து வெளியிட்ட கொலம்பஸ் வரலாறு.

வாஸ்கோட காமா

வாஸ்கோட காமாவைப் பற்றிப் பாடநூல் சொல்லும் ‘ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்குக் கடல்வழி’ என்ற தொடர் தவறன்று. முதல் சொல்லை விழுங்கிவிட்டு ‘இந்தியாவுக்குக் கடல்வழியைக் கண்டுபிடித்தவர்’ என்று சுருக்கும்போதுதான் பிழை நுழைகிறது. ஒரு மதிப்பெண் வினாவுக்கு மாணவர் எழுத வேண்டிய விடையை மாற்றாமல், அந்த முதல் சொல்லை அடிக்கோடிடச் சொல்லுங்கள். பிறகு பயண நாட்களைக் கொடுங்கள். 1498இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் மாலிந்தியில் கிடைத்த மாலுமியின் வழிகாட்டுதலோடு, பருவக்காற்று திரும்பும் காலத்தில் அரபிக்கடலைக் கடக்க ஏறத்தாழ 23 நாட்கள் ஆயின. உள்ளூர்ப் பருவ அறிவைப் பொருட்படுத்தாமல் அக்டோபரில் திரும்பிய அதே கப்பல்கள் அதே கடலைக் கடக்க மூன்று மாதம் அலைந்தன. வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயால் பலர் இறந்தனர். பருவக்காற்றின் திசையை மாதவாரியாகக் காட்டும் படத்தை இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்தால், வழியை ஏற்கெனவே அறிந்திருந்தவர் யார் என்ற கேள்வி மாணவரிடமிருந்தே வரும்.

அந்தப் பயணத்தில் சென்ற ஒருவர் எழுதிய நாட்குறிப்பில் வகுப்பை நிமிர்ந்து உட்காரச் செய்யும் செய்தி ஒன்றுண்டு. கோழிக்கோட்டில் கரைக்கு அனுப்பப்பட்ட முதல் ஆள் சந்தித்தது, ஸ்பானிய மொழியும் இத்தாலியின் ஜெனோவா நகர மொழியும் பேசத் தெரிந்த துனிஸ் நாட்டு முஸ்லிம்கள் இருவரை. இவ்வளவு தூரம் எதற்கு வந்தீர்கள் என்று வந்தவரை அவர்கள் கேட்டனர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கேரளக் கரையில் இருந்த முசிறித் துறைமுகத்தின் வணிகத்துக்காக எழுதப்பட்டு, இன்று வியன்னாவில் உள்ள பாப்பிரஸ் கடன் ஒப்பந்தமும், பொன்னொடு வந்து மிளகொடு திரும்பும் யவனர் கலத்தைச் சொல்லும் அகநானூற்றின் 149ஆம் பாடலும் இதே கடலின் பழைய சான்றுகள்.

நம் பக்கத்துப் பிழைகள்

பிறருடைய பிழைகளை மட்டும் உடைத்துக் காட்டும் வகுப்பு மாணவருக்கு ஏளனத்தைத்தான் கற்றுத்தரும். தமிழ் வகுப்பறையில், கடலில் மூழ்கிய தமிழரின் ஆதி கண்டம் என்று சொல்லப்படும் லெமூரியாவைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் கூடாது.

இதை உணர்ச்சியின் பக்கத்திலிருந்து தொடங்காமல், பிறப்பிலிருந்து தொடங்குங்கள். குரங்குகளுக்கு உறவான லெமூர் வகை விலங்குகள் மடகாஸ்கரில் மிகுந்திருப்பதையும் அவற்றின் உறவினங்கள் இந்தியப் பக்கத்தில் காணப்படுவதையும் விளக்க, ஆங்கிலேய விலங்கியலாளர் ஃபிலிப் ஸ்க்ளேட்டர் 1864இல் ஊகித்த கண்டமே லெமூரியா. நிலம் நகரும் என்பதை அறியாத அக்காலத்தில் அது அறிவுக்குப் பொருந்திய ஊகம். கண்டங்கள் நகர்கின்றன என்று ஜெர்மானிய அறிவியலாளர் வெகெனர் 1912இல் சொல்லி, 1960களில் கடல்தரை ஆய்வுகள் அதை உறுதிசெய்த பின் அந்த ஊகத்துக்குத் தேவை இல்லாமல் போயிற்று. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒன்றாக இருந்து, ஏறத்தாழ எட்டரை முதல் ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. அப்போது மனித இனமே இல்லை.

கடல்கோள் பற்றி நம் இலக்கியம் சொல்வது வேறு செய்தி. சிலப்பதிகாரம் பஃறுளி ஆற்றையும் குமரிக்கோடு என்னும் மலையையும் கடல் கொண்டதாகச் சொல்கிறது. கண்டம் என்று சொல்லவில்லை. ஸ்க்ளேட்டரின் கண்டத்தையும் இந்த மரபையும் ஒன்றாக இணைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குப் பின் நடந்த வேலை. இரண்டையும் பிரித்துக் காட்டிய பிறகு, கடல் ஆழத்தைக் காட்டும் வரைபடம் ஒன்றைக் கொடுத்து 120 மீட்டர் ஆழக் கோட்டை வரையச் சொல்லுங்கள். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழிக் காலத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட அவ்வளவு தாழ்ந்திருந்தது. அந்தக் கோட்டுக்குள் இலங்கை இந்தியாவோடு இணைந்திருப்பதையும், தென்கரை இன்றிருப்பதைவிட வெளியே நீண்டிருப்பதையும், அதற்கும் தெற்கே ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழம் கிடப்பதையும் மாணவர் தாமே காண்பார். கடல் நிலத்தைக் கொண்டது என்ற நினைவுக்குப் பொருள் உண்டு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை இழந்த ஊர்க்காரர்களிடம் அதை விளக்க வேண்டியதில்லை. இந்த வேறுபாட்டை நிதானமாகச் சொல்லும் ஆசிரியர்மீது பெற்றோரும் பொதுவாகக் கோபம் கொள்வதில்லை.

இதே வகுப்பில், ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் உள்ள பழைய கல் நகரான கிரேட் ஜிம்பாப்வேயின் கதையையும் சேர்த்துச் சொல்வது நல்லது, ஏனெனில் பிழையான கருத்து எப்போதும் அறியாமையிலிருந்து மட்டும் பிறப்பதில்லை. 11 முதல் 15ஆம் நூற்றாண்டு வரை ஷோனா மக்களின் முன்னோர் கட்டிய அந்தக் கல் நகரை, ஆப்பிரிக்கர் கட்டியிருக்க முடியாது என்று சொல்லி, பழங்கால மத்தியதரைக்கடல் வணிகர்களான ஃபினீசியர்களுக்கோ பைபிளில் வரும் ஷேபா அரசிக்கோ உரிமையாக்கினார்கள் குடியேறிய வெள்ளையர். தொல்லியலாளர் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் 1929இல் அது ஆப்பிரிக்கர் கட்டியதே என்று அகழாய்வின் மூலம் உறுதிப்படுத்திய பிறகும், அப்போது ரொடீசியா எனப்பட்ட அந்நாட்டின் வெள்ளையர் அரசு அந்த முடிவை மறைக்கவே முயன்றது. நிலத்தைப் பறித்தவருக்கு அந்தப் பொய் தேவைப்பட்டது. 1980இல் விடுதலை பெற்ற நாடு தன் பெயரையே அந்தக் கல் நகரிலிருந்து எடுத்துக்கொண்டது.

நேரம் குறைவாக உள்ள நாட்களுக்குச் சிறிய கணக்குகள் போதும். நிலவிலிருந்து சீனப் பெருஞ்சுவர் தெரியும் என்பவரிடம் சுவரின் அகலத்தை 6 மீட்டர் என்றும் நிலவின் தொலைவை 3,84,000 கிலோமீட்டர் என்றும் கொடுத்தால், அது ஒரு தலைமுடியை ஐந்து கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பார்ப்பதற்குச் சமம் என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடிப்பார்.

மதிப்பீட்டில் ஒரு மாற்றம் செய்ய வேண்டும். ‘சரியா, தவறா’ வினாக்கள் இத்தகைய பாடத்தை அளக்கமாட்டா. பாடம் தொடங்கும் முன் எழுதிய ஊகத்தையே மாணவரிடம் திருப்பிக் கொடுத்து, எந்தச் சான்று தம் கருத்தை மாற்றியது, எந்தச் சான்று கிடைத்தால் இப்போதைய கருத்தையும் மாற்றிக்கொள்வார் என்று அரைப்பக்கம் எழுதச் சொல்லுங்கள். தொடக்க ஊகம் தவறாக இருந்ததற்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது. குறைத்தால் அடுத்த பாடத்தில் எவரும் தாம் உண்மையாக நினைப்பதை எழுதமாட்டார்கள். பக்கத்து மாணவரின் விடைதான் எல்லாக் குறிப்பேடுகளிலும் இருக்கும்.