ஒகேனக்கல் இரைச்சலைச் சுருதியாக்குவது எப்படி

ஒகேனக்கல்லில் பரிசல் துடுப்பின் ஓசையையோ, பென்னாகரம் பக்கத்துத் திருவிழாவில் முழங்கும் பம்பையையோ ஒரு பாட்டில் சேர்ப்பதற்காகப் பதிவு செய்து வந்து ஹெட்போனில் கேட்டால், நாம் விரும்பிப் போன ஓசையைவிட வேண்டாத இரைச்சலே முன்னால் நிற்கும். அதை அடியோடு நீக்கிவிடப் போராடுவதில்தான் பலரும் சோர்ந்துபோகிறார்கள். எந்த இரைச்சல் விலகும், எது விலகாது என்பதை முதலில் தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சமாகும்.

திருவிழா ஒலிபெருக்கிகளின் வழியே வரும் மின்சார ரீங்காரம் விலகக்கூடியது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், அது 50, 100, 150 என்ற இடங்களில் மெல்லிய கோடுகளாக ஸ்பெக்ட்ரத்தில், அதாவது ஒலியை அதிர்வெண் வாரியாகக் காட்டும் படத்தில், தெரியும். ஒவ்வொன்றையும் ஓர் அதிர்வெண்ணை மட்டும் நீக்கும் மிகக் குறுகிய நாட்ச் பில்டரால் தனித்தனியாக வெட்ட வேண்டும். ஜெனரேட்டரில் ஓடும் திருவிழாவாக இருந்தால் சுமைக்கேற்ப அந்த எண் சற்று நகரும் என்பதால், பதிவின் பல இடங்களில் சரிபார்த்துக்கொள்வது அவசியம். பில்டரை அகலமாக வைத்தால் பம்பையின் கனமும் சேர்ந்து போய்விடும்.

காற்று மோதும் ஒலிக்கு மைக்கில் மாட்டும் ரோம உறையே உண்மையான மருந்து. அளவு மீறிப் பதிவாகி, அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்பட்ட பகுதிகளை ஒதுக்கிவிட்டு வேறு பகுதியை எடுங்கள்.

இரைச்சல் குறைக்கும் கருவிக்கு மாதிரி தேவைப்படும் என்பதால், பதிவிடத்திலேயே யாரும் பேசாத, எதுவும் வாசிக்காத அரை நிமிடத்தையும் சேர்த்துப் பதியுங்கள். 6 டெசிபல் குறைப்பில் தொடங்கி, பம்பையின் ஒவ்வோர் அடியின் முடிவையும் கூர்ந்து கேளுங்கள். அங்கே தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோன்ற குமிழ் ஒலி எழுந்தால், அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். கொஞ்சம் இரைச்சல் தங்கினாலும் பரவாயில்லை, சிதைந்த பம்பையை எதனாலும் மீட்க முடியாது.

அருவியின் கதை வேறு. அதன் ஒலி, கேட்கும் எல்லையில் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் பரவியிருப்பதால், துடுப்பொலியைக் கெடுக்காமல் அதை முழுதாகப் பிரித்தெடுப்பது நடவாத காரியம். ஆகவே அருவியையே சுருதியாக்கிவிடலாம் என்பது என் உறுதியான கருத்து. அருவி மட்டும் ஒலிக்கும் பகுதியை மூன்று டிராக்குகளில் நகலெடுத்து, ஒவ்வொன்றிலும், ஓர் அதிர்வெண்ணையும் அதன் அக்கம்பக்கத்தையும் மட்டும் விட்டுவைக்கும் குறுகிய பேண்ட்பாஸ் பில்டரைப் போடுங்கள். ஒன்றரைக் கட்டைச் சுருதி வேண்டுமானால் சட்ஜமத்துக்கு 277, பஞ்சமத்துக்கு 416, மேல் சட்ஜமத்துக்கு 554 ஹெர்ட்ஸ் வையுங்கள். பில்டர் குறுகக் குறுக இரைச்சலிலிருந்து ஸ்வரம் தெளிந்து வரும். ஆனால் தண்ணீரின் ஏற்ற இறக்கம் உள்ளே இருந்துகொண்டே இருப்பதால், தம்புராப் பெட்டியில் கிடைக்காத ஓர் அசைவு அதற்கு உண்டு. வடிகட்டாத மூலப் பதிவையும் அடியில் மெலிதாக ஓடவிட்டால் துடுப்பொலி அந்நியமாகத் தோன்றாது.

துடுப்பின் தாளத்தைக் கணினியின் கட்டங்களுக்குள் இழுத்துப் பொருத்த வேண்டாம். அதன் இயல்பான இடைவெளியை அளந்து, பாட்டின் வேகத்தை அதற்கேற்ப அமையுங்கள்; பம்பையை அதன் பிறகு சேருங்கள்.