எந்த லெவலில் தொடங்குவது? புதிய கேம் மாஸ்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமீபத்தில், முதன்முறையாக டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டி, கதைப் பாத்திரங்களாக ஆடும் விளையாட்டு) நடத்தும் ஒருவரின், அதாவது புதிய கேம் மாஸ்டர் ஒருவரின், ஆட்டத்தை ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். ஐந்து வீரர்கள், எல்லோருமே 9-வது லெவல். லெவல் என்பது பாத்திரத்தின் பலத்தைச் சொல்லும் படி; 1-இலிருந்து 20 வரை. ஆற்றைக் கடப்பது, கோட்டைச் சுவரில் ஏறுவது, ஒற்றனைப் பேசவைப்பது என்று அவர் பார்த்துப் பார்த்துத் தயாரித்த தடைகள் ஒவ்வொன்றும் ஒரே மந்திரத்தில் முடிந்துபோயின. ஒரு மாலை முழுவதற்கும் வைத்திருந்தது முக்கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை. நானும் இப்படித் தவித்தவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

விதிகளைப் படிக்காமல் வருவது, கணக்கில் சறுக்குவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். நாலைந்து அமர்வுகளில் அவை தானாகச் சரியாகிவிடும். லெவல் தேர்வில் செய்த தவறு அப்படிப் போகாது, மாதக்கணக்கில் கூடவே வரும். கீழே வரும் எண்கள் 2014-இல் வெளியான ஐந்தாம் பதிப்பின்படி.

கதைக்குப் பொருந்தாத லெவல்

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரவைக்கும் தவறு இதுதான்.

என் இரண்டாவது கேம்பெயினில் (பல அமர்வுகள் நீளும் தொடர்கதையில்) பாலைவனப் பயணம் ஒன்றை எழுதினேன். தண்ணீர் தீரும், ஒட்டகங்கள் சாகும், கடைசிக் குவளையை யாருக்குக் கொடுப்பது என்று நண்பர்களுக்குள்ளேயே சண்டை வரும். நான்கு அமர்வுகளுக்கான கதை. ஆனால் வீரர்கள் ஆடும் ஆள்கள் பலசாலிகளாக இருந்தால் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள் என்று 7-வது லெவலில் தொடங்கிவிட்டேன்.

முதல் இரவிலேயே கிளெரிக் (தெய்வ அருளால் மந்திரம் சொல்லும் பாத்திரம்) ஆடியவர் உணவும் நீரும் வரவழைக்கும் மந்திரத்தைச் சொன்னார். அது 5-வது லெவலிலேயே கிளெரிக்கின் கைக்கு வந்துவிடும். ஒருமுறை சொன்னால் 15 பேருக்கு ஒரு நாள் முழுக்கப் போதும். பாலைவனம் அங்கேயே முடிந்துவிட்டது.

அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. பதற்றத்தில், "இந்த மணல் மந்திரத்தை உறிஞ்சிவிடும்" என்று அறிவித்தேன். அடுத்து ஒரு கொலை மர்மம். இறந்தவரோடு பேசும் மந்திரத்தால் பிணத்திடம் ஐந்து கேள்விகள் கேட்கலாம் என்பதால், பிணத்தின் நாக்கையும் தாடையையும் கொலைகாரன் அறுத்துப்போட்டதாக மாற்றினேன். பள்ளத்தாக்கு வந்தது; யாரும் பறக்க முடியாதபடி சூறைக்காற்று வைத்தேன். மூன்றாவது முறை கிளெரிக் ஆடியவர் தன் பாத்திரத் தாளைக் கீழே வைத்துவிட்டு, "அப்புறம் நான் எதுக்கு இந்த மந்திரங்களை எடுத்தேன்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இரண்டு வாரத்தில் அந்த ஆட்டம் நின்றுபோனது. நல்ல வீரர்கள், நல்ல கதை, இரண்டுமே வீணாகின. பலத்தைக் கொடுத்துவிட்டு, பயன்படுத்தும் நேரத்தில் பிடுங்கினேன். இன்று புதியவர்கள் அதையே செய்யும்போது பொறுக்க முடியவில்லை.

7-வது லெவல் என்றால் 3-வது லெவலையே பெரிய எண்களோடு ஆடுவது என்று பலரும் நினைக்கிறார்கள். 5-வது லெவலில் ஆட்டமே வேறாகிறது. அப்போது கிடைக்கும் ஃபயர்பால் என்ற தீப்பந்து மந்திரம் எட்டு ஆறுமுகப் பகடைகளின் சேதம், சராசரி 28. தப்பித்தாலும் பாதி விழும், அதாவது 14. சாதாரண கோப்ளினுக்கு (குட்டையான சின்ன அரக்கன்) இருப்பதே 7 ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப் புள்ளி. கூட்டமாக வரும் கோப்ளின்கள் அதன்பிறகு யாரையும் மிரட்டப் போவதில்லை. சண்டைக்காரருக்கும் இரண்டாவது அடி கிடைப்பது இதே லெவலில்தான். 9-க்கு வந்தால், 500 பொன் பெறுமான வைரம் இருந்தால் செத்தவரையே எழுப்பலாம். மரணத்துக்கு இருந்த எடை குறைகிறது. 17-இல், கேட்டதைக் கிட்டத்தட்ட நடத்திக் காட்டும் விஷ் மந்திரம் வருகிறது.

ஆகவே முதலில், உங்கள் கதை நம்பியிருக்கும் மூன்று கஷ்டங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றும் எந்த லெவல் மந்திரத்தில் உயிரிழக்கிறது என்று பாருங்கள். மூன்றில் சீக்கிரம் சாவது எதுவோ, அதற்குக் கீழே தொடங்குங்கள். பசி, இரவுக் காவல், பூட்டிய கதவு, வழி தவறுவது எல்லாம் 1 முதல் 4 வரைதான் முழுசாக வேலை செய்யும். ஓர் ஊரையோ நாட்டையோ காப்பாற்றும் கதைக்கு 5 முதல் 10. உலகமே ஆட்டம் காண வேண்டுமானால் அதற்கு மேல். என் விருப்பத்தைக் கேட்டால் 3 முதல் 8 வரை: ஆள்களுக்கு அடையாளமும் இருக்கும், பயமும் இருக்கும்.

முதல் லெவலிலேயே பிடித்துவைப்பது

இது எதிர்ப்பக்கத் தவறு. முதல் லெவல் மந்திரவாதிக்கு ஏழெட்டு ஹிட் பாயிண்ட்தான். ஒரு கோப்ளினின் வாள் சராசரியாக ஐந்துக்கு மேல் வெட்டும்; இரண்டு வெட்டில் விழுந்துவிடுவார். ஆட்டத்துக்கே புதியவர்கள் என்றால் 1-இல் தொடங்குவது சரி, ஒரே நேரத்தில் கற்றுக்கொள்ள வேண்டியது குறைவு. ஆனால் அங்கேயே வைத்திருக்காதீர்கள். விதிகளே 300 அனுபவப் புள்ளியில் 2-க்கும், 900-இல் 3-க்கும் ஏற்றிவிடுகின்றன. பழகியவர்கள் என்றால் நேராக 3.

மந்திர ஆயுதங்களை அள்ளிக் கொடுப்பது

லெவலை அடக்கமாக வைத்துவிட்டு, ஆசைப்பட்டு +3 வாளை (அடிக்கும் பகடையில் 3 கூட்டும் மந்திர வாள்) நீட்டுவார்கள். இந்தப் பதிப்பில் தேர்ச்சிக் கூடுதல் (பழகிய வேலைகளில் பகடையோடு கூட்டும் எண்) முதல் லெவலில் +2, இருபதாவதில் +6. இருபதாவது லெவல்வரை ஏறியும் கூடுவது 4தான். அந்த வாள் ஒரே நாளில் 3 கொடுத்துவிடுகிறது.

ஒவ்வொரு அமர்வுக்கும் லெவல் ஏற்றுவது

கிடைத்த திறமையை ஒருமுறைகூடப் பயன்படுத்தாமலே அடுத்தது வந்துவிடும்.

ஆளுக்கொரு லெவல்

வேண்டாம். நடுவில் சேர்பவரும் மற்றவர்கள் நிற்கும் லெவலிலேயே வரட்டும்.

20 வரை போயே தீர வேண்டும் என்பது

அவசியமே இல்லை. முந்தைய 3.5 பதிப்பை ஆடியவர்கள் 6-வது லெவலோடு ஏற்றத்தை நிறுத்தி, அதற்கப்புறம் சிறப்புத் திறன்களை மட்டும் சேர்க்கும் இ6 என்ற முறையையே உருவாக்கினார்கள்.

வீரர்களிடம் தவறான கேள்வி கேட்பது

"எந்த லெவல் வேண்டும்?" என்று கேட்டால் பெரும்பாலும் பெரிய எண்தான் பதிலாக வரும். "உங்கள் ஆள் எதைக் கண்டு நடுங்க வேண்டும்?" என்று கேளுங்கள். ஓநாய்க் கூட்டம் என்றால் 2. இளம் டிராகன் என்றால் 8-ஐ ஒட்டி. ஒரு தெய்வத்தின் கோபம் என்றால் 15-க்கு மேல்.